கரிக்குப் பக்கத்தில் யார்? – கூடைப்பந்து கேள்வி பதில்

2025–26 என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) சீசன் தொடங்கச் சில நாள் இருந்த 2025 அக்டோபரில் எழுதியது இது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸைப் பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுக்க அந்த அணிக்கே. எல்லாம் சுற்றிவருவது ஒரே கேள்வியை: பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு ஸ்டீபன் கரிக்குப் பக்கத்தில், கிளே தாம்சன் விட்டுப்போன ஷூட்டிங் கார்டு இடத்தில் யார்?

கிளே தாம்சனை 2024 கோடையில் போகவிட்டது தவறுதானே? 13 ஆண்டு உறவு, நான்கு கோப்பை. டல்லாஸ் அணி கொடுத்த 3 ஆண்டு, 5 கோடி டாலரை இவர்களால் கொடுக்க முடியாதா?
– வாசகர், திண்டுக்கல்

முடியும். சொந்த வீரரை மறுபடி ஒப்பந்தம் செய்வதற்குச் சம்பள உச்சவரம்பைத் தாண்டவும் விதி இடம் கொடுக்கிறது. ஆனால் 2023–24 சீசனில் சம்பளத் தொகை எல்லை மீறியதற்கு வாரியர்ஸ் லீகுக்கு வரியாக மட்டும் கட்டியது ஏறக்குறைய 17.7 கோடி டாலர். அவ்வளவு கட்டிய அணி மேற்குப் பிரிவில் பத்தாவது இடத்தில் முடித்தது. கோப்பைக்கான பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைய சாக்ரமென்டோவுக்கு எதிராக ஆடிய பிளே-இன் ஆட்டத்தில் தாம்சன் 10 முறை வீசி ஒன்றும் விழாமல் பூஜ்யத்தோடு வெளியேறினார்.

அந்த ஒரு இரவை வைத்து அவரை எடை போடுவது நியாயமில்லை. அந்த சீசனிலும் ஆட்டத்துக்கு 17.9 புள்ளி எடுத்தவர் அவர். அவரிடமிருந்து போனது தடுப்பாட்டம். 2015-இலும் 2017-இலும் எதிரணியின் பாயிண்ட் கார்டை அவர்தான் பிடிப்பார். கரி ஓரத்தில் நிற்கும் சாதாரண ஆளைப் பார்த்துக்கொள்வார். 2019-இல் முழங்கால் தசைநார், 2020-இல் குதிகால் தசைநாண் என்று இரண்டு பெரிய காயம். அதற்குப் பிறகு பக்கவாட்டில் அந்த வேகம் திரும்பவில்லை. ஆகவே காலியாகக் கிடந்தது கரியின் பளுவைச் சுமக்கும் தடுப்பாட்டக்காரரின் இடம். இதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாக் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒருவர் போய் மூவர் வந்தார்களே, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது?
– வாசகர், ஈரோடு

நல்ல கேள்வி. 2024–25-க்கு உச்சவரம்பு 14.06 கோடி டாலர். அதற்கு மேல் வரிக்கோடு 17.08 கோடி. அதற்கும் மேலே முதல் ஏப்ரன் 17.81 கோடி, இரண்டாவது ஏப்ரன் 18.89 கோடி. ஏப்ரன் என்பது அபராதக் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாண்டத் தாண்ட ஆள் பிடிக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும்.

முதல் வேலையாக கிறிஸ் பாலை விடுவித்தார்கள். அவருடைய 3 கோடி டாலர் உறுதி செய்யப்படாத சம்பளம், அதனால் நஷ்டமில்லை. கணக்கு முதல் ஏப்ரனுக்குக் கீழே இறங்கியதும் உச்சவரம்புக்கு மேல் இருந்தும் வெளியாளை எடுக்க உதவும் மிட்-லெவல் சலுகை முழுசாகக் கிடைத்தது: 1.28 கோடி டாலர். அது அப்படியே ஓராண்டு ஒப்பந்தமாக டீஆந்தனி மெல்டனுக்குப் போனது. ஏப்ரனைத் தாண்டியிருந்தால் கிடைத்திருப்பது 52 லட்சம் டாலர் சுமார். இரண்டாவதையும் தாண்டினால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது, தாம்சனைச் சும்மா போகவிடாமல் ஒப்பந்தம் போட்டு டிரேடாக (அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றமாக) அனுப்பினார்கள். ஆறு அணிகள் சேர்ந்த டிரேட் என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே முதல் முறை. அந்த வழியாக பட்டி ஹீல்டு (4 ஆண்டு, 3.78 கோடி), கைல் ஆண்டர்சன் (3 ஆண்டு, 2.7 கோடி) வந்தார்கள். ஓராண்டு போதுமே, ஏன் இத்தனை ஆண்டு என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒப்பந்தம் போட்டு டிரேட் செய்தால் குறைந்தது மூன்று ஆண்டு எழுதியே ஆக வேண்டும். முதல் ஆண்டுக்கு மட்டும் உத்தரவாதம் கொடுத்தால் போதும் என்பதால் பின்னாண்டுகளைத் தளர்த்தி எழுதுவார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. இந்த வழிகளில் ஒன்றைத் தொட்டாலும் அந்த சீசன் முழுக்க முதல் ஏப்ரன் கல்லில் வெட்டிய கோடாகிவிடும். அதற்கு மேல் ஒரு டாலர்கூடப் போக முடியாது. நடு சீசனில் ஒருவர் காயப்பட்டால் மாற்றாள் எடுப்பதற்கும் டாலர் டாலராகக் கணக்குப் போட வேண்டும்.

வந்தவர்களில் ஹீல்டுதான் சிறந்த வீச்சாளர். அவரை ஏன் பெரும்பாலும் பெஞ்சிலேயே வைத்தார் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர்?
– வாசகர், நாகர்கோவில்

ஓர் ஆட்ட நகர்வை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் ஸ்க்ரீன் வைக்கிறார், அதாவது எதிரணிக் காவலரின் வழியை உடம்பால் மறித்து நிற்கிறார்; பந்தோடு கரி வருகிறார். எதிரணியில் இரண்டு பேர் கரி மேல் பாய்கிறார்கள். பந்து ஃப்ரீ த்ரோ கோட்டருகே திரும்பி ஓடும் கிரீனுக்குப் போகிறது. அந்த நொடியில் நம்மிடம் நான்கு பேர், அவர்களிடம் மூன்று பேர். மூலையில் நிற்கும் நம் ஷூட்டிங் கார்டை விட்டு அவருடைய காவலர் வளையத்தின் பக்கம் ஒரு காலை நகர்த்தினால் போதும், பந்து மூலைக்கு வந்துவிடும். வளையத்திலிருந்து நடுவில் மூன்று புள்ளிக் கோடு 23 அடி 9 அங்குலம், மூலையில் 22 அடிதான். ஹீல்டு நின்றால் அந்தக் கால் நகராது. இந்தப் பாதியில் அவருக்கு இணை இந்த அணியில் கரி ஒருவர்தான்.

இப்போது பந்து எதிரணியிடம். கரி 6 அடி 2 அங்குலம், ஹீல்டு 6 அடி 4. எதிரணி முதலில் தேடுவது கரியைத்தான். அவர் பார்த்துக்கொள்ளும் ஆளைக் கூப்பிட்டு ஸ்க்ரீன் வைத்து, கரியைத் தங்கள் பெரிய வீரருக்கு எதிரே கொண்டுவரப் பார்ப்பார்கள். பக்கத்தில் வலுவான தடுப்பாட்டக்காரர் இருந்தால் அந்த ஸ்க்ரீனைச் சுற்றிக்கொண்டு தன் ஆளை விடாமல் ஒட்டிவருவார், கரியோடு ஆளை மாற்றிக்கொள்ளவே தேவைப்படாது. ஹீல்டு ஸ்க்ரீனில் மாட்டிக்கொள்வார், அல்லது அரை அடி தாமதமாக வருவார். பிறகு இருவரில் யாரை இழுத்தாலும் எதிரணிக்கு ஆதாயம்.

அதனால் அவர் வேண்டாதவர் ஆகிவிடவில்லை. 2025 மே 4, ஹூஸ்டனுக்கு எதிரான பிளே-ஆஃப் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். எதிரணி முழுக் கவனத்தையும் கரி மேல் வைத்தது; முதல் பாதியில் கரிக்கு 3 புள்ளிதான். அதே பாதியில் ஹீல்டு 22 எடுத்தார். முடிவில் 33 புள்ளி, 11 மூன்று புள்ளி வீச்சில் 9 உள்ளே. வாரியர்ஸ் 103–89 என்று வென்றது. இப்படிப்பட்ட ஆயுதத்தைத் தேவையான ஆட்டத்தில் எடுக்க வேண்டும். 82 ஆட்டத்திலும் முதல் நிமிடத்திலிருந்து நீட்டினால் எதிராளி அதற்கு வழி கண்டுவிடுவார்.

மெல்டன் காயப்படாமல் இருந்திருந்தால்?
– வாசகர், தஞ்சாவூர்

இந்த விவாதமே இருந்திருக்காது. உயரம் கரியின் உயரம்தான். ஆனால் கை விரிப்பு 6 அடி 8 அங்குலத்துக்கும் மேல், பந்தோடு வருபவரை அரைக்கோட்டிலேயே சந்திப்பவர், மூலையிலிருந்து தயங்காமல் வீசுபவர். அவரைக் கரியோடு தொடக்க ஐவரில் நிறுத்திய சில நாளிலேயே, 2024 நவம்பர் 12 அன்று, முழங்கால் போனது. 6 ஆட்டத்தோடு சீசன் முடிந்தது. அன்று ஆடியது டல்லாஸுக்கு எதிராக. தாம்சன் பழைய அரங்குக்கு முதன்முறை திரும்பி வந்த நாள். படகுப் பிரியரான அவருக்காக ரசிகர்கள் கப்பல் தலைவர் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார்கள். வாரியர்ஸ் 120–117 என்று வென்றது, கரி 37, தாம்சன் 22. போனவரை வாழ்த்திய அதே இரவில் அவர் இடத்துக்கு வந்தவரையும் அணி இழந்தது.

இந்த ஆண்டு மெல்டன், அல் ஹார்ஃபர்ட் ஒப்பந்தங்கள் ஏன் அவ்வளவு தாமதம்?
– வாசகர், சேலம்

புது ஒப்பந்தத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த இளம் வீரர் ஜொனாதன் குமிங்காவால். ஹார்ஃபர்டுக்கு வரி கட்டும் அணிகளுக்கான சின்ன மிட்-லெவல் சலுகையைத்தான் கொடுக்க முடியும். அதைக் கொடுத்ததும் இரண்டாவது ஏப்ரன், அதாவது 2025–26-இல் 20.78 கோடி டாலர், தாண்ட முடியாத சுவராகிவிடும். குமிங்காவின் சம்பளம் முடிவாகாமல் மற்றவர்களுக்கு மீதி எவ்வளவு என்று தெரியாது. செப்டம்பர் 30-இல்தான் அவர் 2 ஆண்டு, 4.85 கோடி வரையிலான ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தார். மற்றவை அதன் பின்னாலேயே வந்தன.

தொடக்க ஐவரில் கரிக்குப் பக்கத்தில் பிராண்டின் பொட்ஜெம்ஸ்கியா, மோசஸ் மூடியா? மழுப்பாமல் சொல்லவும்.
– வாசகர், கோவை

மூடி.

பொட்ஜெம்ஸ்கியைக் குறைத்துச் சொல்லவில்லை. 2023-இல் 19-ஆவது தேர்வாக வந்தவர். முதல் சீசனிலேயே பாயும் எதிராளியின் முன் நின்று 38 சார்ஜ் (எதிராளி மேல் தவறு விழும் மோதல்) வாங்கி லீகில் முதலிடம் பிடித்தவர். கார்டாக இருந்தும் நன்றாக ரீபவுண்டு (விழாமல் திரும்பும் பந்து) எடுப்பார். குறை என்னவென்றால் மூலையில் பந்து கைக்கு வந்ததும் ஒரு கணம் யோசிப்பார். பந்தை ஒரு முறை தரையில் தட்டுவார், அதற்குள் காவலர் திரும்பிவிடுவார். நான்குக்கு மூன்று என்ற ஆதாயம் அங்கேயே கரைந்துவிடும்.

மூடி யோசிப்பதில்லை, எடுத்த எடுப்பில் வீசுகிறார். கை விரிப்பு 7 அடிக்கு மேல். அவர் பெரிய கார்டுகளைப் பிடித்தால் கரிக்கு எளிய ஆள் கிடைப்பார். தாம்சன் செய்த அதே வேலை. நெருக்கினால் பந்தைத் தட்டிக்கொண்டு போகத் தெரியாது என்பதும், 2025 பிளே-ஆஃபில் வீச்சு கைவிட்டது என்பதும் உண்மை. ஆனால் கரியும், கடந்த சீசன் நடுவில் வந்த ஜிம்மி பட்லரும், கிரீனும் பந்தை வைத்திருக்கும் ஐவரில் நான்காவது பந்துக்காரர் எதற்கு?

கடந்த சீசனில் இருவரும் சேர்ந்தே தொடங்கினார்களே என்பீர்கள். பட்லர் வந்த பின் 23 வெற்றி, 8 தோல்வி என்று ஓடிய அணியில் அதுதான் வழக்கம். இப்போது ஹார்ஃபர்டை நடுவில், அதாவது சென்டராக, நிறுத்தினால் கரி, பட்லர், கிரீன் போக ஓர் இடம்தான் மிச்சம். கரி உட்காரும் நேரத்தில் பந்தை யார் கொண்டுவருவது என்பதும் பிரச்சினை; மெல்டன் அந்த வேலைக்காரர் இல்லை. அங்கே பொட்ஜெம்ஸ்கி. முதல் கால்பகுதியில் 5 நிமிடம் போனதும் மூடிக்குப் பதில் இறக்கலாம், கரி உட்கார்ந்ததும் பந்தை இவரிடம் கொடுக்கலாம். கடைசி 5 நிமிடத்தில் யார் என்பதை அன்றைய எதிரணியைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

டிவியில் பார்க்கும்போது இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், விருதுநகர்

சீசனின் முதல் ஆட்டம் லேக்கர்ஸுடன், நமக்கு 2025 அக்டோபர் 22 காலை. பந்தைப் பார்க்காதீர்கள். லேக்கர்ஸ் பந்தோடு அரைக்கோட்டைக் கடக்கும்போது கரி யார் எதிரே நிற்கிறார் என்று பாருங்கள். லேக்கர்ஸின் லூகா டான்சிச் கையைக் காட்டி அந்த ஆளை ஸ்க்ரீனுக்குக் கூப்பிடுவார். அப்போது டான்சிச்சைப் பிடித்திருக்கும் நம் கார்டு ஸ்க்ரீனுக்கு மேலே புகுந்து வருகிறாரா, இல்லை ஆளை மாற்றிக்கொள்கிறார்களா என்று ஒரு தாளில் பத்து முறை குறித்துவையுங்கள். மாற்றம் நான்குக்கு மேல் போனால், தொடக்க ஐவரில் நிற்பவர் யாராக இருந்தாலும், அவர் அந்த இடத்துக்கு உரிய ஆள் இல்லை.