ஆர்.சி. இன்னும் பழைய பெயரில்

கேள்வி: பழைய கார் ஷோரூமில் கார் வாங்கி நாலு மாதமாகிறது. ஆர்.சி. பெயர் மாறவில்லை. கேட்டால் "அடுத்த வாரம் சார்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- வாசகர், பெரம்பூர்

பதில்: அந்த "அடுத்த வாரம்" எனக்கும் பழக்கம். ஆறு வாரம் அலைந்த பிறகுதான், என் ஆர்.சி.யில் முந்தையவரின் வங்கிக் கடன் நீக்கப்படவில்லை என்று தெரிந்தது. கடன் எப்போதோ அடைந்துவிட்டது! உங்கள் ஆர்.சி.யில் வங்கிப் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் வேண்டும். இல்லையென்றால், நேரில் போய், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களைக் காட்டச் சொல்லுங்கள். பழைய உரிமையாளரின் கையெழுத்தைக் கண்ணால் பாருங்கள். போனில் கேட்டு நம்பாதீர்கள். ஆர்.டி.ஓ. ஒப்புகைச் சீட்டையும் கேளுங்கள். அப்புறம், இன்ஷூரன்ஸ். கார் கைமாறிய 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்க வேண்டும், இன்றைக்கே விண்ணப்பியுங்கள். அப்படியும் இழுத்தடித்தால் எழுத்தில் கெடு கொடுங்கள், பிறகு நுகர்வோர் ஆணையம்.