2024-இல் முகம் மாறிய ஹூண்டாய் க்ரெட்டாவில் உண்மையில் என்ன புதிது? சென்னையில் 2021 மாடலை செகண்ட் ஹாண்டில் எடுத்தால் போதாதா?

கேள்வியில் இருக்கும் விவரம் இது: வீட்டில் நான்கு பேர். தினமும் தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போய்வர வேண்டும், வருடத்தில் சில முறை சொந்த ஊர்ப் பயணம். கைக்கு வந்திருப்பது 2021 பெட்ரோல் க்ரெட்டா, நடு வேரியண்ட். அதை எடுப்பதா, கடன் போட்டுப் புதியதை எடுப்பதா என்று கேட்கிறீர்கள்.

2021 வண்டியை விட்டுவிடுங்கள். அதற்காகப் புது வண்டிக்குத்தான் ஓட வேண்டும் என்றும் இல்லை. க்ரெட்டாவில் முகம் மாறியது 2024 ஜனவரியில். ஆனால் வாங்குபவர் கவனிக்க வேண்டிய முதல் கோடு அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே, 2023 தொடக்கத்தில் விழுந்துவிட்டது. வெளியே ஒரு மாற்றமும் தெரியாததால் செகண்ட் ஹாண்ட் சந்தையில் பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

2023 பிப்ரவரியில் வந்த திருத்தத்தில்தான் ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் நிலைப்படுத்தும் ஈஎஸ்சி, மேட்டில் வண்டி பின்னுக்கு உருளாமல் பிடிக்கும் ஹில் அசிஸ்ட் எல்லாம் அடி வேரியண்டிலிருந்தே வந்தன. அதற்கு முன் ஆறு ஏர்பேக் வேண்டுமென்றால் உச்ச வேரியண்டைத்தான் எடுக்க வேண்டும். கீழ் வேரியண்டுகளில் இரண்டுதான். உங்களுக்குக் காட்டிய 2021 நடு வேரியண்ட் இந்த இடத்திலேயே அடிபடுகிறது. பெட்ரோல் எஞ்சின் இ20-க்குத் தயாரானதும் அதே திருத்தத்தில்தான். இன்று சென்னை பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2021 வண்டி 10 சதவீதக் கலப்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. இ20 ஊற்றியதும் நின்றுவிடாது. மைலேஜ் சற்றுக் குறையும், ரப்பர் குழாய்களும் சீல்களும் வருடக்கணக்கில் மெல்லத் தேயலாம். இன்னும் ஆறேழு வருடம் வைத்து ஓட்டப் போகிறவருக்கு அது தேவையில்லாத கவலை.

அடுத்து 2024. மாறாததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஷோரூமில் அதைச் சொல்ல மாட்டார்கள். வீல்பேஸ் அதே 2610 மி.மீ. நீளம் 4300-லிருந்து 4330 மி.மீ. ஆனதற்குக் காரணம் பம்பர்தான், உள்ளே இடம் கூடவில்லை. பின் சீட்டில் மூன்றாவது ஆளுக்கு முன்பு எவ்வளவு இடமோ இப்போதும் அவ்வளவுதான். டிக்கி 433 லிட்டர். 115 பிஎஸ் (குதிரைத்திறன்) தரும் 1.5 பெட்ரோல், 116 பிஎஸ் தரும் 1.5 டீசல் இரண்டும் பழையவை, நன்றாக அடிபட்டு நிரூபணமானவை.

மாறியதில் கனமானது கண்ணுக்குத் தெரியாத பாடி. 2022-இல் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு சோதித்த இரண்டு ஏர்பேக் க்ரெட்டாவுக்குப் பெரியவர், குழந்தை இரண்டு பிரிவிலும் 3 நட்சத்திரம்தான் கிடைத்தது. பாடிஷெல் நிலையாக இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. ஏர்பேக் கூட்டியதால் மட்டும் இந்தக் குறை தீராது. 2024 வண்டியில் உயர்வலிமை எஃகின் பங்கைக் கூட்டி பாடியை வலுப்படுத்தியிருப்பதாக ஹூண்டாய் சொல்கிறது. ஐந்து இருக்கைகளுக்கும் மூன்று முனை பெல்ட், எல்லா பெல்ட்டுக்கும் எச்சரிக்கை இரண்டும் அடி வேரியண்டிலேயே வருகின்றன. பின் சீட்டில் நடுவில் பாட்டியோ பிள்ளையோ உட்காரும் வீடுகளில், இரண்டு பெரிய திரைகளைவிட அந்த நடு பெல்ட்டுக்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

எஞ்சினில் ஒன்றே ஒன்று புதிது: 1.5 டர்போ பெட்ரோல், 160 பிஎஸ், 253 என்எம் இழுவை. பழைய 1.4 டர்போவின் இடத்துக்கு வந்தது. சாதாரண க்ரெட்டாவில் ஏழு கியர் டிசிடியோடு (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) மட்டும்தான். மேனுவல் கியரோடு வேண்டுமென்றால் 2024 மார்ச்சில் வந்த ‘என் லைன்’ (N Line) என்ற ஸ்போர்ட்டி வகையைப் பார்க்க வேண்டும். டெஸ்ட் டிரைவில் எல்லோரும் மயங்குவது இந்த எஞ்சினில்தான். உங்கள் ஓட்டத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். காரணம் கியர்பாக்ஸ். இந்த டிசிடியில் இருப்பது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் இரண்டு. மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் காலையில் நடப்பது போல் வண்டி பத்து கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே ஊர்ந்துகொண்டே இருந்தால், கிளட்ச் முழுதாகப் பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். சூடு ஏறும், தேய்மானம் கூடும், கிளம்பும்போது ஓர் உதறல் வரும்.

டிசிடி எடுத்தே தீர வேண்டும் என்பவர்கள் ஓட்டும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். முன் வண்டி ஓரடி நகர்ந்தால் நாமும் ஓரடி நகர்வதை விட்டு, ஒரு கார் நீளம் இடைவெளி விழட்டும், பிறகு ஒரே மூச்சில் போய் முழுதாக நிறுத்துங்கள். பிரேக்கைப் பாதி மிதித்து ஊர விடாதீர்கள். நின்றதும் பிரேக்கைத் தானே பிடித்துவைக்கும் ஆட்டோ ஹோல்டு இருந்தால் போட்டுவிடுங்கள். கத்திப்பாரா ஏற்றத்திலோ மால் பேஸ்மென்ட் ராம்ப்பிலோ ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்துவது இந்தக் கிளட்சுக்கு எமன். மீட்டரில் கியர்பாக்ஸ் சூடு என்று எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி, ‘பி’-யில் போட்டு, எஞ்சினை அணைக்காமல் ஓடவிட்டு, எச்சரிக்கை மறையும்வரை காத்திருங்கள்.

இதற்கு மாறாக 1.5 பெட்ரோலோடு வரும் ஐவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக், நெரிசலுக்கென்றே பிறந்தது. வேகமாக முந்த நினைக்கும்போது சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். அந்தக் குறையோடு வாழ முடிந்தால் தாம்பரம்–சோழிங்கநல்லூருக்கு இதுதான் சரி. நான்கு பேர், பை, ஏசி எல்லாமாக ஏலகிரி ஏறும்போது மூச்சு வாங்கும், மெதுவாக ஏறிவிடும். சோதனை நிறுவனமான அராய் கணக்கில் லிட்டருக்கு 17.7 கி.மீ. என்றாலும் நகர நெரிசலில் அதை எதிர்பார்க்காதீர்கள். பத்துப் பதினொன்று வந்தாலே திருப்திப்படலாம்.

டீசலில் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் இருக்கிறது. அது உலர் கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் என்பதால் நெரிசலில் டிசிடிக்கு வரும் தொல்லை கிடையாது, 250 என்எம் இழுவைக்குச் சலிப்பும் இல்லை. தொல்லை புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டியில். பள்ளி, கடை, கோயில் என்று நாலைந்து கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் புகைக்கரி எரிந்து தீரும் அளவுக்கு வடிகட்டி சூடாவதில்லை. மீட்டரில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அன்றே வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்கோ மதுரவாயல் பைபாஸுக்கோ எடுத்துப் போய், 60 கி.மீ.க்கு மேல், 1500 முதல் 2500 ஆர்பிஎம்முக்குள், நடுவில் நிற்காமல் சுமார் 25 நிமிடம் ஓட்டுங்கள். விளக்கைப் பொருட்படுத்தாமல் விட்டால் எஞ்சின் ஆயிலில் டீசல் கலந்து டிப்ஸ்டிக்கில் அளவு ஏறும். அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டர் போகாமல் தீராது. மாதம் 1500 கி.மீ.க்கு மேல், அதிலும் பாதி நெடுஞ்சாலையில் ஓடுபவருக்குத்தான் டீசல்.

ஏடாஸ், அதாவது ரேடாரும் கேமராவும் கொண்டு ஓட்டுநருக்கு உதவும் வசதிகள் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அறிமுகத்தில் எஸ்எக்ஸ் டெக், எஸ்எக்ஸ் ஆப்ஷன் வேரியண்டுகளில் வந்தது. முன்னால் ஒரு ரேடார், முன் கண்ணாடியில் ஒரு கேமரா. திருச்சி நெடுஞ்சாலையில், செங்கல்பட்டு தாண்டியபின், முன் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் அருமையான துணை. ஊருக்குள் லேன் கோடு இருக்காது, இருந்தாலும் அதை மதித்துப் போகும் பைக் இருக்காது. எச்சரிக்கை ஓயாமல் கூவினால், திரையில் டிரைவர் அசிஸ்டன்ஸ் பகுதிக்குள் போய் எச்சரிக்கை நேரத்தை ‘லேட்’ என்று மாற்றுங்கள். லேன் உதவியை ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் அணைக்கலாம். அவசர பிரேக்கை மட்டும் அணைக்காதீர்கள்.

ஏடாஸின் உண்மையான செலவு பின்னால் வரும். ரேடார் முன் பம்பரின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது. பார்க்கிங்கில் பம்பர் லேசாக இடித்தாலும் அதன் கோணம் பிசகலாம். முன் கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவு திருத்த வேண்டும், வெளிக்கடைகளில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. ஏடாஸ் வண்டி எடுத்தால், பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டிப்ரிசியேஷன் காப்பீடு கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பருக்கு முன் கம்பி மாட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள்: சட்டப்படி தடை, ரேடாரின் கண்ணையும் மறைக்கும்.

இரண்டு 10.25 அங்குலத் திரை, டூயல் சோன் ஏசி, 360 டிகிரி கேமரா, புது எல்இடி பட்டைகள் எல்லாம் மேல் வேரியண்ட் அலங்காரங்கள். அவற்றில் சென்னை வெயிலுக்கு உதவுவது காற்று வரும் முன் சீட்டுகள். பனோரமிக் சன்ரூஃப் நடு வேரியண்டிலிருந்தே உண்டு. வேப்பமரத்தடியில் நிறுத்துபவர்கள் மழைக்கு முன் அதன் மூலைகளில் இருக்கும் வடிகால் துளைகளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அது சக்கரத்துக்குப் பக்கத்தில் வழிகிறதா என்று பாருங்கள். இலை அடைத்தால் தண்ணீர் முன் தூண் வழியாக உள்ளே சொட்டும். சன்ரூஃப் கெட்டுவிட்டது என்று நினைத்துச் செலவழிப்பவர்கள் நிறைய.

பட்ஜெட் புதியதை எட்டாவிட்டால், 2023 மார்ச் முதல் டிசம்பர் வரை தயாரான பெட்ரோல் வண்டியைத் தேடுங்கள். அதில் சென்னைக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. புது முகம் விற்பனைக்கு வந்தது 2024 ஜனவரி 16. ஆக, இந்த ஊரில் ஓடிக்கொண்டிருந்த பழைய முக க்ரெட்டா ஒவ்வொன்றும் அந்த வெள்ளத்தைப் பார்த்திருக்கலாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் முகவரி கொண்ட ஆர்சியாக இருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும்.

பாலிஷ் போட்டுக் காட்டும் வண்டியில் பார்க்க வேண்டியவை: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், அடி நுனியில் சேற்றுக்கறை கோடாகத் தெரியும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி ரெயில் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் செல்லும் மஞ்சள் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். அவை ஏர்பேக் இணைப்புகள். ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் வண்டல் தேடுங்கள். ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் நனைந்த கார்பெட்டின் வாடை வந்துவிடும். கடைசியாக, உரிமையாளரின் 2024 காப்பீட்டுத் தாளைக் கேளுங்கள். அந்தப் புதுப்பிப்பில் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காதவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி) சுழியமாக இறங்கியிருந்தால் ஏன் என்று சர்வீஸ் சென்டரில் பதிவு எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள். வங்கிக் கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் தடையின்மைச் சான்றும், ஆர்சியில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 மட்டும் போதாது.

வரிக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 15 லட்ச ரூபாய் வண்டிக்கு வரியே 2.70 லட்சம். இங்கேயே பதிவான பழைய வண்டியில் அது ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. புது க்ரெட்டாவின் உச்ச வேரியண்ட் அறிமுகத்தில் 19,99,900 ரூபாய்க்கு, அந்த 20 லட்சக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. கோட்டைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 20 சதவீதம் என்பதால் கூடுதலாக நாற்பதாயிரம் போகும். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுக் கார்களுக்கு செஸ் நீங்கி, மொத்த வரி ஜிஎஸ்டி 40 சதவீதம் மட்டும் என்று இறங்கியதால் விலை சற்றுக் குறைந்திருக்கிறது. உச்ச வேரியண்டில் இரட்டை வண்ணம் கேட்பவர்கள் எக்ஸ் ஷோரூம் விலை 20 லட்சக் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் எழுதி வாங்குங்கள்.

புதியதை எடுத்தால் காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தரை இடைவெளி 190 மி.மீ. என்பது தண்ணீரில் இறங்க அனுமதி ஆகாது. சக்கரத்தின் நடுவரை தண்ணீர் வந்தால் திரும்பிவிடுங்கள், தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. டெலிவரிக்கு முன், பதிவுக்குப் பணம் கட்டும் முன்பே, ஸ்டாக்யார்டுக்குப் போய் கதவுத் தூணில் இருக்கும் தகட்டில் தயாரான மாதத்தையும் டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று மாதத்துக்கு மேல் நின்ற வண்டி என்றால் வேறொன்று கேளுங்கள், இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். 17 அங்குல அலாய் வேரியண்டிலும் ஸ்டெப்னி 16 அங்குல இரும்புச் சக்கரம்தான். அதை மாட்டிக்கொண்டு ஊர் வரை ஓட்டாமல் அடுத்த பஞ்சர் கடையிலேயே மாற்றிவிடுங்கள்.