மாந்தை மேடும் மன்னார்க் கோட்டையும்: கேட்டதும் சொன்னதும்

பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை பார்த்தே முப்பது வருடம் போய்விட்டது. மேசனாகத் தொடங்கி மேற்பார்வையில் முடித்தேன். ஊர் இலங்கையின் மன்னார் மாவட்டத்தில் முருங்கன் பக்கம். மன்னார், மாந்தை, அரிப்பு என்ற நமது பழைய துறைமுகக் கரையில் புதுக் கட்டடங்கள் எழும்பும்போது பழையதை என்ன செய்வது என்று யாரும் கேட்கலாம் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

வவுனியாவிலிருந்து ஒரு அக்கா: அம்மப்பா கட்டிய சுண்ணாம்புச் சுவர் வீடு. இரண்டடி உயரத்துக்கு ஈரம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் சீமெந்து பூசி விடுவோம் என்கிறார் மேசன். செய்யலாமா?

வேண்டாம் அக்கா. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். நிலத்திலிருந்து ஈரம் ஏறினாலும் முகத்தால் காய்ந்து வெளியே போய்விடும். சீமெந்து பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் வெளிவரும். இரண்டடி நாலடியாகும். ஈரத்தோடு வந்த உப்பு சீமெந்துக்குப் பின்னால் படிகமாகி, கல்லையும் செங்கல்லையும் உள்ளிருந்தே பொடியாக்கும்.

முதலில் சுவரைப் பார்க்காதீர்கள், நிலத்தைப் பாருங்கள். வீட்டைச் சுற்றி யாராவது சீமெந்துத் தரை போட்டிருக்கிறார்களா? முற்றத்து மண் வருடா வருடம் உயர்ந்து வீட்டின் உள்தரைக்கு மேலே வந்துவிட்டதா? கூரைப் பீலித் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா? நான் பார்த்த பத்து வீட்டில் ஏழில் நோய் இங்கேதான் இருந்தது. சுவரோரத்துச் சீமெந்தை ஒன்றரை அடி அகலத்துக்கு உடைத்து எடுத்துச் சரளை போடுங்கள். தண்ணீரைத் தூர விடுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் பொறுத்திருங்கள். அப்புறம்தான் பூச்சு.

பூச்சுக்கு நன்றாக நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்று மணல் மூன்று பங்கு. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் அப்பக்கூடாது. உச்சி வெயிலில் பூசாதீர்கள், சாக்கை நனைத்துத் தொங்கவிட்டு ஒரு கிழமையாவது ஈரமாக வைத்திருங்கள். சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் குடித்துத்தான், அது மெதுவாகத்தான் நடக்கும். மேலே வெள்ளையடிப்பும் சுண்ணாம்பாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் இவ்வளவும் வீண்.

செட்டிகுளத்துத் தம்பி ஒருவர்: எங்கள் காணியில் பெரிய பழைய செங்கற்கள் வருகின்றன. கீழே புதையல் இருக்குமா?

இருக்காது. செங்கல்தான் இருக்கும். அந்தச் செங்கல்லும் அது கிடக்கும் ஒழுங்கும்தான் புதையல், தோண்டியதும் போய்விடும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி நிலத்துக்குள் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். கிராம சேவையாளரிடம் சொல்லுங்கள், மண்வெட்டியை வைத்துவிடுங்கள்.

கிளிநொச்சி மாணவி: மாந்தை பெரிய துறைமுகம் என்று படிக்கிறோம். போய்ப் பார்த்தால் கோயிலும் பற்றைக்காடும்தான். துறைமுகம் எங்கே?

நல்ல கேள்வி, பிள்ளை. அடுத்த முறை கோயிலருகே பாலாவிக் குளக்கரையில் நின்று நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். குதிரை லாட வடிவில் ஒரு மேடு, அதைச் சுற்றி இரட்டை அகழி. ஊர் அந்த மேடுதான். நூற்றாண்டு நூற்றாண்டாக ஆட்கள் குடியிருந்து, இடிந்ததன் மேல் மறுபடி கட்டி, குப்பை கொட்டி உயர்ந்த மேடு.

அனுராதபுரத்துக்குக் கடல் வாசல் இது. பாளி நூல்களில் மகாதித்த, தேவாரத்தில் மாதோட்டம். சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள். சோழர் கல்வெட்டு மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று மறுபெயர் சொல்கிறது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் இங்கே அகழ்ந்தார்கள். சீனத்துப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடி மெருகு ஓடுகளும் வந்தன. போர் வந்து வேலை நின்றது. 2009, 2010இல் மறுபடி தோண்டியபோது, மண்ணை நீரில் அலசிக் கரிந்த விதைகளைப் பொறுக்கினார்கள். நெல், மிளகு, முந்திரிகைப் பழ (திராட்சை) விதை, கூடவே ஒரே ஒரு கிராம்பு. அந்தக் கிராம்பு ஏறத்தாழ ஆயிரம் வருடம் பழையது. அக்காலத்தில் கிராம்பு விளைந்தது கிழக்கே மொலுக்கஸ் தீவுகளில் மட்டும்தான். அங்கிருந்து இங்கே வந்து நம் மண்ணில் கரியாகிக் கிடந்திருக்கிறது.

இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தின் ஒரு வாளி அரை நிமிடத்தில் அள்ளும் மண்ணில் முந்நூறு வருடம் இருக்கலாம். கிராம்பு மண்வெட்டிக்கு அகப்படாது, சல்லடைக்குத்தான் அகப்படும்.

மாங்குளத்திலிருந்து: மன்னாரில் பதினைந்து பேர்ச் வாங்கிக் கடை கட்டப்போகிறேன். தொல்லியல் திணைக்கள அனுமதி வேண்டுமா?

கால் ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 99 பேர்ச்சுக்கு, மேற்பட்ட நிலத்தில் வரும் அபிவிருத்தித் திட்டத்துக்குத் தொல்பொருள் தாக்க மதிப்பீடு வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் வர்த்தமானி வந்தது. உங்கள் பதினைந்து பேர்ச் அதற்குள் வராது. ஆனால் கோட்டைக்கோ வேறு பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்கோ பக்கம் என்றால் தனிக் கட்டுப்பாடு உண்டு. அத்திவாரம் வெட்டுமுன் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். வெட்டிய பின் கேட்பவர்கள்தான் அதிகம்.

பேசாலையிலிருந்து ஒருவர்: காலிக் கோட்டை மாதிரி மன்னார்க் கோட்டையையும் ஹோட்டல், கஃபே என்று ஆக்கினால் வேலைவாய்ப்பு வருமே?

வரும். காலிக்கு 1988இல் உலக மரபுரிமைப் பட்டம் கிடைத்தது. பிறகு காணி விலை ஏறி, உள்ளே தலைமுறையாக இருந்த குடும்பங்கள் பல வீட்டை விற்றுவிட்டு வெளியேறின. சுவர் நிற்கிறது, அயலட்டை போய்விட்டது. பினாங்கின் ஜோர்ஜ் டவுனில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு பிறந்ததும் நீங்கியது. கடைவீடுகளில் குடியிருந்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் போனார்கள். லிவர்பூல் துறைமுகத்துக்கு 2004இல் பட்டம் கொடுத்த யுனெஸ்கோ, கரையோரப் புதுக் கட்டடங்களைக் காரணம் காட்டி 2021இல் பறித்தது.

மன்னார்க் கோட்டைக்குள் குடியிருப்பு இல்லாதபடியால் ஆளை விரட்டும் பிரச்சினை இல்லை. ஆனால் முருகைக்கல்லும், அதாவது கடல் பவளக்கல்லும், சுண்ணாம்பும் கொண்ட சுவர் அது. அதில் ஏ.சி. பெட்டி பொருத்தத் துளை போட்டு, குளியலறைக் குழாய் இறக்கி, சீமெந்தில் மூடினால் பத்து வருடத்தில் பொடியாகும். வெளியே, அகழிக்கு அப்பால் கடை வைக்கட்டும். உள்ளே நடந்து பார்க்கட்டும்.

அடம்பனிலிருந்து ஓர் ஆசிரியர்: ஐயா, அது 1560இல் பறங்கியர் எழுப்பிய அடிமைச் சின்னம். மாந்தைத் திருக்கேதீச்சரக் கோயிலை இடித்த கல்லில் கட்டியது. அதைக் காப்பாற்ற நாம் ஏன் சுண்ணாம்பு குழைக்க வேண்டும்? இடித்துக் கல்லைக் கோயிலுக்கே கொடுங்கள்.

இதற்குப் பிறகு வந்த கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான். ஆகவே நின்று பதில் சொல்கிறேன், மாஸ்டர்.

கோயில் கல் கோட்டைக்குப் போனது என்பது நம் பக்கத்து வாய்மொழி. என் ஆச்சியும் சொல்லித்தான் கேட்டேன். அது அப்படியே என்று வைத்துக்கொண்டால், அந்தப் பழைய கோயிலில் மிஞ்சியது எங்கே இருக்கிறது? கோட்டைச் சுவருக்குள் இருக்கிறது. சுவரை இடித்தால் கோயிலை இரண்டாம் தரம் இடிக்கிறோம். முருகைக்கல் சுவரை உடைத்தால் முழுக் கல்லாக வராது, தூள்தான் வரும். கோயிலும் கல்லுக்காகக் காத்திருக்கவில்லை. இந்திய உதவியுடன் கருங்கல்லில் திருப்பணி நடந்து 2022இல் கும்பாபிஷேகமும் ஆகிவிட்டது.

விடத்தல்தீவு அன்பர்: மாஸ்டருக்கு நான் சொல்கிறேன். கோட்டை பறங்கியருடையது என்றால் தேவாலயங்களும் அப்படித்தானா? 1544இல் மன்னாரில் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆட்களால் கொல்லப்பட்ட கத்தோலிக்கரும் நம் ஆட்கள்தானே?

நம் ஆட்கள்தான். இந்தக் கரையில் எல்லாருக்கும் ஒரு காயம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டடம் உண்டு. கோட்டையையே எடுங்கள். போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், அவர்களிடமிருந்து 1795இல் ஆங்கிலேயர். கல் சுமந்ததும் சுண்ணாம்பு சுட்டதும் யார்? கூலிக்கோ அடிக்கோ போன நம் பாட்டன்மார். அவர்களுடைய கைவேலை என்று நினைத்துத்தான் நான் சாந்து குழைக்கிறேன். முல்லைத்தீவுக் கோட்டையை 1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்ததை மார்தட்டிச் சொல்கிறோம். அந்தக் கோட்டை இன்று நின்றிருந்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய் இந்த வாசலால்தான் புகுந்தான் என்று காட்டலாம்.

நெடுங்கேணியிலிருந்து: பேச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கம் தொல்லியல் பலகை நட்டால் வயலுக்குப் போக முடியாது, பொங்கல் வைக்க முடியாது. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே பயமாக இருக்கிறது.

உங்கள் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். சைவ வழிபாடும் விகாரைக் கட்டுமானமும் மோதிய குருந்தூர்மலை விவகாரம் முல்லைத்தீவு நீதிமன்றம் வரை போனதை வன்னியில் அறியாதவர் இல்லை. ஒரு மேட்டில் பல அடுக்கு இருக்கும்போது ஒரே அடுக்கை மட்டும் காட்டிப் பலகை நட்டால் சண்டைதான் வரும். மாந்தை மேட்டில் பௌத்தரும் சைவரும் அராபிய வணிகரும் ஒருவர் குப்பையின் மேல் ஒருவர் வாழ்ந்திருக்கிறார்கள். சொல்வதென்றால் அத்தனையையும் சொல்ல வேண்டும்.

ஆனால் பயத்தில் மறைக்கிற பழக்கம் நமக்கே கேடு. ஒரு கல் வந்தால் இரவோடு இரவாகக் கிணற்றில் போட்டவர்களை நான் அறிவேன். நாளைக்கு இது எங்கள் இடம் என்று காட்ட அந்தக் கல்தான் இருந்தது. படம் எடுங்கள், திகதி எழுதுங்கள், பழைய காணி உறுதியையும் கோயில் கணக்குக் கொப்பியையும் பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள்.

வவுனியா வடக்கிலிருந்து: மெட்டல் டிடெக்டர் வாடகைக்கு எங்கே எடுக்கலாம்?

மறுபடியும் புதையல் கேள்வி. செட்டிகுளத்துத் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

முருங்கனிலிருந்து: மன்னார்த் தீவின் காற்றாலைகள் பற்றி உங்கள் கருத்து?

என் துறை சுவர். பறவை, நிலத்தடி நீர், மீன்பிடி தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

சிலாவத்துறையிலிருந்து: அரிப்பு டோரிக் மாளிகை கடலில் விழுகிறது. சீமெந்து போட்டுத் தாங்க முடியாதா?

மறுபடியும் சீமெந்து! ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த மாளிகை அது, முத்துக்குளிப்பைப் பார்க்க இருந்த இடம். செங்கல்லும் சுண்ணாம்பும். சுவரில் குறையில்லை, அது நிற்கும் மண்மேட்டைக் கடல் தின்கிறது. கீழே பாறாங்கல் கொட்டலாம், ஆனால் கடலரிப்பு பக்கத்து வளவுக்கு நகரும். நிற்பதை இப்போதே அங்குலம் அங்குலமாக அளந்து, படம் பிடித்து, வரைந்து வைக்க வேண்டும். விழுந்த பிறகு அளக்க முடியாது.

பெயர் வேண்டாம் என்றவர்: அத்திவாரக் குழியில் எலும்பு வந்தால்?

வேலையை அந்த நொடியே நிறுத்துங்கள். கையால் தொடாதீர்கள், பொலிஸுக்கு அறிவியுங்கள், பிறகு நீதிவான் பார்ப்பார். 2018இல் மன்னார் நகர வாசலில் சதொச என்ற அரச விற்பனை நிலையத்தின் கட்டட வேலையில் வந்த எலும்புகள் முந்நூறு பேருக்கு மேற்பட்டோருடையவை. காபன் பரிசோதனை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்றது. காணாமல் போனவர்களின் உறவுகள் அந்த முடிவைக் கேள்வி கேட்டார்கள். எந்தக் காலத்து எலும்பானாலும் அது கிடந்த விதம் கலையக்கூடாது.

மடுவிலிருந்து: எங்கள் பழைய களஞ்சியச் சுவருக்கு மெல்லிய சீமெந்துப் பூச்சு மட்டும் என்றால்...

மெல்லியதும் வேண்டாம். ஓரிடத்தில், பெயர் சொல்லமாட்டேன், நான் தடுத்தும் அழகாக்குகிறோம் என்று முருகைக்கல் சுவருக்கு மெல்லியதாகத்தான் பூசினார்கள். மூன்றாவது மாரியில் பூச்சு கழன்று விழுந்தது, கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு. சுண்ணாம்புக்காகக் கடலில் முருகைக்கல் உடைக்கவும் கிளம்பாதீர்கள், அதுவும் சட்டப்படி தடை. சிப்பிச் சுண்ணாம்பு போதும்.

அடம்பன் ஆசிரியர் மறுபடி: சரி ஐயா, இடிக்கவேண்டாம். கோட்டைச் சுவரில் கோயில் கல் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்போது சரியான கேள்வி. மன்னார்க் கரையில் இயற்கையாகக் கிடைப்பது முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும். கருங்கல் உள்நாட்டிலிருந்து வண்டியில் வரவேண்டும். ஆகவே சுவரில் கருங்கல் துண்டு தென்பட்டால் நின்று பாருங்கள். ஒரு விளிம்பு மட்டும் வளைவாகச் செதுக்கியிருக்கிறதா, இன்னொரு கல்லோடு பூட்டுகிற குழி இருக்கிறதா, செதுக்கிய முகம் பக்கவாட்டிலோ தலைகீழாகவோ கிடக்கிறதா என்று பாருங்கள். கோட்டைக்கென்று வெட்டிய கல்லில் அந்த வேலை இருக்காது. சுரண்டாதீர்கள், சோக்கால் கோடு போடாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வெயில் சுவரை உரசிக்கொண்டு சாய்ந்து விழும் நேரத்தில் போங்கள். அப்போதுதான் தேய்ந்த செதுக்கல் நிழலோடு தெரியும். வெயில் நேராகச் சுவர் முகத்தில் அடித்தால் எல்லாம் ஒரே வெள்ளை.