அம்மாவின் எலும்பு மெலிந்திருக்கிறது. முதுகில் போடும் ஸ்குரூ நிற்குமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. இடுப்புப் பகுதியில் முதுகெலும்பின் நான்காவது கணு, ஐந்தாவதின் மேல் முன்பக்கமாக நழுவியிருக்கிறது. ஸ்குரூவும் ராடும் வைத்து இரண்டையும் சேர்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.8. ஸ்குரூ நிற்குமா? கூடுதல் பணம் கொடுத்து உயர்ந்த ஸ்குரூ கேட்கலாமா?

பதில்: விலைக் கவலையை முதலில் விடுங்கள். மெலிந்த எலும்பில் ஸ்குரூ உடைவதைவிடத் தளர்வதுதான் பெரிய பிரச்சினை. உதிர்கிற சுண்ணாம்புச் சுவரில் எவ்வளவு நல்ல ஆணி அடித்தாலும் ஆடத்தான் செய்யும். டி-ஸ்கோர் மைனஸ் 2.5-க்கு வந்தாலே எலும்புப்புரை. உங்கள் அம்மா அதையும் தாண்டிவிட்டார்.

ஸ்குரூ, பெடிக்கிள் என்கிற குறுகிய எலும்புக் காம்பு வழியாகக் கணுவின் முன்பகுதிக்குள் போகிறது. நேராக இழுத்துப் பார்த்த சோதனைகளில் பிடியில் சுமார் 60 சதவீதம் அந்தக் காம்பிலேயே கிடைத்திருக்கிறது. அதனால் காம்பை நிறைக்கிற தடிமன் முக்கியம். இடுப்பில் பெரும்பாலும் 5.5 முதல் 7.5 மி.மீ. வரை போடுவோம். அளவுக்கு மீறினால் காம்பு விரிசல் விடும், அதை ஒட்டியே நரம்பு ஓடுகிறது.

ஆனால் நடமாடும் மனிதரின் முதுகில் ஸ்குரூவை யாரும் நேராக இழுப்பதில்லை. நட்ட கம்பத்தைப் பிடுங்க நினைப்பவர் அதை ஆட்டி ஆட்டிக் குழியை அகலமாக்குவார் இல்லையா? நடக்கும்போதும் குனிந்து நிமிரும்போதும் ஸ்குரூவுக்கு நடப்பது அதுதான். மாதக்கணக்கில் அசைந்தால் துளை பெரிதாகி, எக்ஸ்ரேயில் ஸ்குரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். வளையம் தெரிகிற எல்லோருக்கும் வலி வருவதில்லை.

அப்புறம், ஸ்குரூ காலம் முழுக்கத் தாங்குவதற்காக வைப்பதல்ல. இரண்டு கணுக்களும் எலும்பால் ஒட்டும்வரை, ஆறு மாதமோ ஒரு வருடமோ, தாங்கினால் போதும். ஒட்டாமலே போனால் எவ்வளவு கெட்டியான ராடும் ஒருநாள் களைத்து உடையும்.

சரி, என்ன செய்யலாம்? காலில் பலம் குறைவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது போன்றவை இருந்தால் காத்திருக்கவே கூடாது. அவை இல்லையென்றால், முதலில் எலும்பைத் தேற்ற இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வைட்டமின் டி அளவைப் பார்த்துக் குறையிருந்தால் சரிசெய்ய வேண்டும். டெரிபராடைடு என்ற தினசரி ஊசி எலும்பை வளர்க்கும். அதைப் போட்டுக்கொண்டவர்களிடம் ஸ்குரூ தளர்வது குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முன்பு கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கு இந்த ஊசி ஆகாது. அம்மாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நிக்கோடின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும்.

துளையுள்ள ஸ்குரூ வழியாக எலும்பு சிமெண்ட் செலுத்தினால் பிடி நன்றாகவே கூடும். சிமெண்ட் ரத்தக்குழாயில் கசிந்து நுரையீரல்வரை போகக்கூடும், பிற்பாடு ஸ்குரூவை எடுப்பதும் கடினம். அதனால் நான் எல்லோருக்கும் அதைச் சொல்வதில்லை. மைனஸ் 2.8-ல் அது பேசிப் பார்க்க வேண்டிய விஷயம்தான். உங்கள் டாக்டர் சிமெண்ட் வேண்டாம் என்றால் காரணத்தைக் கேளுங்கள்; வேண்டும் என்றாலும் கேளுங்கள்.