எட்டுப் போத்தல் மண்ணெண்ணெய்

வணக்கம் அண்ணை,

விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நாலு மாதமாக ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் சனசமூக நிலையத்தில் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக் கணக்குப் புதிர் போடுகிறோம். தரம் 5 முதல் தரம் 10 வரை இருபது பேரளவில் வருகிறார்கள். ஒரு புதிரைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பத்து நிமிடம் கொடுப்பேன். பிறகு விடையை நானே விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போவேன். ஒரு பின்னேரத்தில் ஏழெட்டுப் புதிர் முடியும்.

ஒரு பொடியன் இருக்கிறான். நான் எழுதி முடிக்க முதலே விடையைக் கத்திவிடுவான். மற்றவர்கள் பேனையை வைத்துவிடுவார்கள். பெற்றோர் சிலர், "இதால சோதினைக்கு என்ன பிரயோசனம்? அந்த நேரம் ரியூசனுக்கு விடலாமே" என்கிறார்கள். இதைத் தொடரலாமா? அவர்களுக்கு என்ன சொல்வது? பரிசு வைத்தால் இன்னும் பிள்ளைகள் வருவார்களா? நல்ல புதிர்ப் புத்தகங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி, விசுவமடு

*

அன்புள்ள பிள்ளைக்கு,

தொடரலாமா என்று கேட்கவே வேண்டாம், தொடருங்கள். ஞாயிறு பின்னேரம் இருபது பிள்ளைகள் தாங்களாக நடந்து வந்து கணக்குக்கு முன்னால் குந்துகிறார்கள் என்றால், அந்த ஊரில் யாரோ ஒருவர் நல்ல வேலை செய்கிறார் என்று அர்த்தம். பரிசு வேண்டாம். பெற்றோரிடம், புலமைப்பரிசில் பரீட்சையிலும் நுண்ணறிவுக் கேள்விகள் வருகின்றன, அதற்கு இது உதவும் என்று சொல்லிச் சமாளிக்கலாம். அப்படிச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அடுத்த ஞாயிறே ஒரு தகப்பன் கடந்தகால வினாத்தாள்களோடு வந்து நிற்பார். பிள்ளைக்கு விருப்பம், அதனால் வருகிறது என்று சொல்லுங்கள். அது போதாது என்கிறவரோடு மினக்கெட வேண்டாம்.

ஆனால் அந்தப் பத்து நிமிடம்! அதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. யாரைக் கேட்டுப் பத்து நிமிடம் வைத்தீர்கள்? விடையை நீங்களே விளக்கிவிடுவதற்கு அந்தப் பிள்ளைகள் உங்களுக்கு என்ன குற்றம் செய்தார்கள்?

1996இல் கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் ஒரு காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். ஒரே காணிக்குள் நாலு குடும்பம். பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் பார்த்த நாட்கள் அவை. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்ச எண்ணெய், ஒரு நூல் திரி, அதுதான் விளக்கு. அந்த வெளிச்சத்தில் எல்லாரும் கொப்பியை விரிக்க முடியாது. அதனால் எங்கள் அப்பு, அம்மாவின் தகப்பன், வாயால் கணக்குப் போடுவார். சங்கக்கடையில் ஆயுள் முழுக்க மண்ணெண்ணெய் அளந்த மனுசன்.

ஒருநாள் சொன்னார்: "எட்டுப் போத்தல் பிடிக்கிற கான் நிறைய எண்ணெய் இருக்கு. ரெண்டு குடும்பத்துக்குச் சரிபாதி பிரிக்க வேணும். கையில அஞ்சு போத்தல் கான் ஒண்டு, மூண்டு போத்தல் கான் ஒண்டு. வேற அளவில்லை. பிரியுங்கோ பாப்பம்."

உலகத்தின் பல பக்கங்களில் வைனையும் பாலையும் வைத்து நூற்றாண்டுகளாகக் கேட்டுவந்த புதிர் இது என்று பிறகுதான் படித்தேன். எங்களுக்கு அது மண்ணெண்ணெய். காணிக்குள் இருந்த பெரியவர்களே சண்டைக்கு வந்துவிட்டார்கள். பக்கத்துக் கொட்டில் மாமி சோறு வடித்துக்கொண்டே, "அஞ்சை முதல் நிரப்பினால்?" என்று கேட்பா. எண்ணெயை எங்களைத் தொட விடுவார்களா? தண்ணீரில்தான் எல்லாம். என் கடைசித் தங்கச்சிக்கு அப்போது ஒன்பது வயது. கிணற்றடியில் ஒரு சட்டி, ஒரு பழைய வாளி, ஒரு செம்பு. பால்பேணியால் சுண்டு சுண்டாக அளந்து ஊற்றி, எட்டு, ஐந்து, மூன்று நிற்கிற இடத்தில் கரிக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தாள். தண்ணீர் பட்டு அழிந்தால் திரும்ப அளந்து திரும்பக் கீறுவாள்.

எல்லாரும் ஒரே இடத்தில்தான் முட்டுப்படுவோம். ஐந்தை நிரப்பினால் பெரியதில் மூன்று மிஞ்சும். அந்த ஐந்தில் இருந்து சின்னதை நிரப்பினால் பெரியதில் மூன்று, நடுவில் இரண்டு, சின்னதில் மூன்று. அதோடு நிற்போம். அப்பு, "பிறகு?" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டார். சரியாகப் போனாலும் "பிறகு?"தான், பிழையாகப் போனாலும் "பிறகு?"தான். எடுத்ததைத் திரும்பப் பெரிய கானுக்குள் விட யாருக்கும் மனம் வரவில்லை. பிரித்தெடுத்ததைத் திருப்பிக் கொட்டினால் இவ்வளவு நேரம் பட்ட பாடு வீண் என்றுதானே தோன்றும்?

நாலாம் நாள் தங்கச்சி செம்பைத் தூக்கிச் சட்டிக்குள் கவிழ்த்தாள். சட்டியில் ஆறு, வாளியில் இரண்டு, செம்பு வெறுமை. வெறும் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாளியையே பார்த்தபடி நின்றாள். ஏதோ வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் மூச்சு விடவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கம்பசில் படித்துக்கொண்டிருந்த ஒரு சொந்தக்கார அண்ணா சைக்கிளில் வந்து இறங்கினார். என்ன நடக்கிறது என்று கேட்டார். கேட்டுச் சிரித்துவிட்டு, மிச்சத்தை அரை நிமிடத்தில் கடகடவென்று சொல்லி முடித்தார். கெட்ட மனுசன் இல்லை, உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தார். தங்கச்சி அழவில்லை. சட்டித் தண்ணீரை வாழையடியில் ஊற்றிவிட்டுப் போனாள். அப்பு அடுத்த புதிர் சொன்ன அன்று அவள் வந்து குந்தவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னர்தான் அவளோடு போனில் கதைத்தேன். மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் பொறுமை இல்லை என்றாள். பேச்சோடு பேச்சாக எட்டுப் போத்தல் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "ஆறும் இரண்டும் வரைக்கும் இருக்கு அண்ணா. மிச்சம் அவர் சொன்னதெல்லே, அது நிக்கேல்லை."

உங்கள் பத்து நிமிடத்தில் எத்தனை பிள்ளைகள் ஆறிலும் இரண்டிலும் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? ஏழெட்டுப் புதிர் முடிந்தது என்று பெருமையாக எழுதுகிறீர்கள். ஒன்றுகூட முடியாத பின்னேரம்தான் நல்ல பின்னேரம். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலும் அதுதான், பள்ளிக்கூடம் போகிற வழியிலும் அதுதான். "எனக்கு விளங்கீட்டுது" என்று ஒருத்தி படலையடியில் நின்று கூப்பிடுவாள். பிழையாகத்தான் இருக்கும். இரண்டு பேர் அதைப் பிழை என்று காட்டுவார்கள். சேர்ந்து புதிர் போடுவது என்றால் இதுதான். நீங்கள் நடத்துவது இன்னொரு ரியூசன்.

வன்னிப் பிள்ளைகளுக்கு நாங்கள் எவ்வளவு கொடுத்தோம், எப்படிக் கொடுத்தோம் என்று யோசித்துப் பாருங்கள். அரிசி, பருப்பு, தறப்பாள், கொப்பி, பை, எல்லாம் வரிசையில் நிறுத்திக் கொடுத்தது. வாங்கினதற்குப் படமும் எடுத்தோம். விடையையும் நிவாரணம் மாதிரிக் கொடுக்காதீர்கள். அது ஒன்றாவது அவர்கள் தாங்களாகத் தேடி எடுத்ததாக இருக்கட்டும்.

1926இல் அமெரிக்காவில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் பென் எய்ம்ஸ் வில்லியம்ஸ் ஒரு கதை எழுதினார். அதற்குள் ஒரு தேங்காய்ப் புதிர். தீவொன்றில் ஐந்து பேரும் ஒரு குரங்கும். பகல் முழுக்கத் தேங்காய் சேர்த்துக் குவித்துவிட்டுப் படுக்கிறார்கள். இரவில் ஒருவன் எழும்பிக் குவியலை ஐந்து சமபங்காகப் பிரிக்கிறான். ஒரு தேங்காய் மிஞ்சுகிறது. அதைக் குரங்குக்குக் கொடுத்து, தன் பங்கை ஒளித்துவிட்டு, மிச்சத்தைத் திரும்பக் குவித்துவிட்டுப் படுக்கிறான். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேரும் இதையே செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்று மிஞ்சிக் குரங்குக்குப் போகிறது. விடிய இருந்த குவியலை ஐந்தாகப் பிரிக்க, மிச்சமில்லாமல் சரியாக வந்தது. முதலில் குறைந்தது எத்தனை தேங்காய் இருந்திருக்கும்? கதையில் விடை இல்லை. முதல் கிழமையே இதழுக்கு 2000 கடிதம் வந்தது. விடை என்ன என்று கேட்டு இதழின் ஆசிரியர், கதை எழுதிய வில்லியம்சுக்குத் தந்தி அடித்தார். இருபது வருடம் கழித்தும் வில்லியம்சுக்குக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. விடையை அச்சடித்திருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்தப் பொடியனைத் திட்டாதீர்கள். விடை கண்டவர் அதைச் சொல்லக்கூடாது, "பிறகு?" என்று மட்டும் கேட்கலாம் என்று சட்டம் போடுங்கள். எட்டுப் போத்தல் கணக்கு ஒரு வழியில் ஏழு ஊற்றில் முடியும். சின்னக் கானை முதலில் நிரப்பினால் எட்டு. ஒன்றைக் கண்டுபிடித்தால் மற்றதைக் கேளுங்கள். அதையும் கண்டால், ஒரு சதுரம், அதன் இரண்டு மூலைவிட்டங்கள்: கை எடுக்காமல், போன கோட்டில் திரும்பப் போகாமல் மண்ணில் கீறச் சொல்லுங்கள். முடியும் என்றோ முடியாது என்றோ வாய் திறக்காதீர்கள். கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களை ஒவ்வொன்றும் ஒரே தடவை கடந்து நடக்கலாமா என்று 1736இல் கணித மேதை ஒய்லர் யோசித்ததும் இதே மாதிரிக் கேள்வியைத்தான். கணிதத்தில் ஒரு தனித் துறையே அதில் இருந்து முளைத்தது. உங்கள் பொடியன் ஒரு மாதம் சத்தம் போட மாட்டான்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். இந்த மூன்றும் உங்களுக்கு மாரி முடியும் வரை காணும். வருகிற ஞாயிறு எட்டுப் போத்தலில் தொடங்குங்கள். ஒரு சட்டி, ஒரு வாளி, ஒரு செம்பு, கரிக்கட்டி, பக்கத்தில் கிணறு. தேங்காய்க் கணக்குக்கு விடை கேட்டு எனக்கு எழுதாதீர்கள், நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளில் யாராவது கண்டுபிடித்தால், எப்படிக் கண்டார் என்று அந்தப் பிள்ளையின் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணை