பை கட்டிக் கொடுப்பதா, எடுத்துக்கொள்ள விடுவதா?

வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிப்பவர்: சமூக உணவு வங்கி ஒன்றின் சேமிப்பறைப் பொறுப்பாளர்

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து, கஷ்டப்படும் குடும்பங்களுக்கு மாதாமாதம் மளிகைப் பை கொடுக்கிறோம். எல்லாப் பையிலும் ஒரே பொருள்கள்தான். ஆனால் கொடுத்ததில் பாதியைச் சிலர் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவதாகக் கேள்விப்படுகிறோம். நாங்கள் சரியான ஆட்களைத் தேர்ந்தெடுக்கவில்லையோ?

பதில்: ஆட்கள் சரிதான், பையைத்தான் மாற்ற வேண்டும். இல்லாத வீட்டிலும் சர்க்கரை நோயாளி இருப்பார், பல் போன பாட்டி இருப்பார், பால் ஒத்துக்கொள்ளாத குழந்தை இருக்கும். அடுப்பெரிக்கவே வழியில்லாத வீட்டில், நெடுநேரம் வேகவேண்டிய பயறு கிடந்து என்ன பயன்? தங்களுக்கு உதவாததை உதவுகிற வீட்டுக்குக் கொடுத்தார்கள் என்றால் அது பொறுப்பான காரியம். அதில் கோபப்பட எதுவுமில்லை.

எங்கள் சேமிப்பறையில் பை கட்டுவதில்லை. பொருள்களை அலமாரியில் அடுக்கிவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து எவ்வளவு எடுக்கலாம் என்று மட்டும் சொல்வோம். ஒருநாள் ஓர் அம்மா மாவுப் பொட்டலத்தைக் கையில் எடுத்தார், கொஞ்சம் யோசித்தார், திரும்ப வைத்துவிட்டார். "வீட்ல இன்னும் இருக்கு, இல்லாதவங்க எடுக்கட்டும்" என்றார். அப்புறம் எண்ணெய், உப்பு, துணி சோப்பு எடுத்தார். கடைசி அலமாரிக்குப் போய், யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மகளுக்காக ஒரு சானிட்டரி நாப்கின் பாக்கெட். நாமாகக் கட்டும் பையில் இதைப் போட எத்தனை பேருக்குத் தோன்றும்? எடுத்துக்கொள்ள விட்டால் அள்ளிக்கொண்டு போவார்கள் என்ற பயம் உங்கள் குழுவிலும் இருக்கலாம். நான் பார்த்தவரை, மீண்டும் வந்தால் கிடைக்கும் என்ற நம்பிக்கை வந்தபின் யாரும் அள்ளுவதில்லை.

உணவு வங்கி என்ற யோசனையே வாங்கும் பக்கத்திலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் கடைகளின் குப்பைத் தொட்டியில் பிள்ளைகளுக்கு உணவு தேடிவந்த ஒரு தாய், வீணாய்ப் போவதைச் சேர்த்துவைத்து வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளும்படி வங்கி மாதிரி ஓரிடம் இருக்கலாமே என்று ஜான் வான் ஹெங்கல் என்பவரிடம் சொன்னார். 1967-ல் வான் ஹெங்கல் அப்படியே ஒன்றைத் தொடங்கினார். அதனால் உங்கள் பட்டியலைப் போடும்போது வாங்குபவர்களில் இரண்டு பேரை உங்களோடு உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அறை வசதி இல்லையென்றால், வேண்டியதை டிக் செய்யும் ஒரு தாள் கொடுத்தாலே போதும்.

கேள்வி: வருமானச் சான்று கேட்கலாமா? நன்கொடையாளர்கள் படமும் கேட்கிறார்களே?

பதில்: சான்று கேட்டால் நேற்று வேலை போனவர் வரமாட்டார். அவரிடம் இருப்பது போன மாதச் சம்பளச் சீட்டுதானே! வீட்டில் எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, ஒத்துக்கொள்ளாத உணவு ஏதும் உண்டா, இவ்வளவு கேட்டால் போதும். படம் வேண்டவே வேண்டாம். பை வாங்கும் தகப்பனின் படம் அவர் பிள்ளையின் வகுப்புத் தோழனுடைய போனுக்குப் போய்விட்டால் அப்புறம் நாம் என்ன செய்ய முடியும்? நன்கொடையாளருக்கு அலமாரியைப் படமெடுத்து அனுப்புங்கள், வரவு செலவுக் கணக்கையும் சேர்த்து. கணக்கு கேட்பது அவர்கள் உரிமை, முகம் கேட்பது அப்படியல்ல.

கேள்வி: விசேஷங்களில் மிஞ்சும் சமைத்த உணவை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்தச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருந்த உணவை, நல்ல வாசனை வந்தாலும், வாங்காதீர்கள். பந்தியில் பரிமாறி மிஞ்சியதும் வேண்டாம், பாத்திரத்தில் கை படாமல் இருப்பது மட்டும். எத்தனை மணிக்குச் சமைத்தது, கடலை, பால், முட்டை ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று சமைத்தவரிடமே கேட்டு மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். சந்தேகம் வந்தால் கொட்டிவிடுங்கள். மருத்துவச் செலவைத் தாங்க முடியாத வீட்டுக்குத்தான் அந்தப் பாத்திரம் போகிறது.