கப்பல் தாமதமானால் சரக்கை வேறு வழிக்கு மாற்றுவது எப்படி? கேள்வி பதில்

2023 நவம்பரில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் மீது ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் தாக்குதல் தொடங்கினார்கள். டிசம்பரிலேயே பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பா போகும் சரக்குக்கு ஏறக்குறைய 10 முதல் 14 நாள் கூடியது. அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

சார், ஹாம்பர்க் பையருக்கு டி-ஷர்ட். கப்பலில் போனால் தேதி தவறிவிடும். மொத்தத்தையும் ஏர்ல போட்டுவிடலாமா? (திருப்பூர்)

மொத்தமும் வேண்டாம். கடை திறப்புக்கு எந்தக் கலர், எந்த சைஸ், எத்தனை பீஸ் கட்டாயம் வேண்டும் என்று பையரிடம் கேளுங்கள். அது மட்டும் விமானத்தில், மீதி கப்பலில்.

விமானத்தில் எடை, இடம் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுங்கள். 60×40×40 பெட்டி என்றால் 16 கிலோ. உள்ளே துணி 11 கிலோதான் என்றாலும் 16 கிலோவுக்குக் கட்ட வேண்டும். அதனால் ரேட் பேசுவதற்கு முன்னால் பெட்டியில் காலி இடம் இல்லாமல் பேக்கிங்கைச் சரிசெய்யுங்கள்.

கப்பலும் விமானமும் கலந்து அனுப்பலாம் என்கிறார்களே?

ஆமாம், ஸீ-ஏர். துபாயின் ஜெபல் அலி துறைமுகம் வரை கப்பல், அங்கிருந்து விமானம். செங்கடலுக்குள் நுழைய வேண்டியதில்லை. முழு விமானத்தைவிட மலிவு, முழுக் கப்பலைவிட வேகம். கொழும்பு வழியாகவும் செய்கிறார்கள். ஆனால் எல்லோரும் ஒரே வாரத்தில் அங்கே ஓடினால் சரக்கு தேங்கிவிடும். விமானத்தில் இடம் உறுதி என்று ஃபார்வர்டரிடம் (சரக்கு அனுப்பித் தரும் ஏஜென்ட்) எழுத்தில் வாங்கிய பிறகே கப்பலில் ஏற்றுங்கள்.

அண்ணா, கன்டெய்னர் போர்ட்டுக்குள்ளே போய்விட்டது. திரும்ப எடுக்க முடியுமா?

முடியும். கஸ்டம்ஸிடம் ‘பேக் டு டவுன்’ (சரக்கை வெளியே திரும்ப எடுக்கும்) அனுமதி வாங்கி, கஸ்டம்ஸில் போட்ட ஏற்றுமதிப் படிவமான ஷிப்பிங் பில்லை ரத்து செய்து, ஏர்போர்ட்டில் புதிதாகப் போட வேண்டும். லாரி வாடகையும் போர்ட் கட்டணமும் தனி. சரக்கு ஃபேக்டரியில் இருக்கும்போது ஒரு ஃபோனில் முடிகிற வேலை இது. கன்டெய்னருக்கு சீல் வைப்பதற்கு முந்தின நாள் கப்பல் அட்டவணையை மறுபடி பார்த்துவிடுங்கள்.

எல்.சி. (பையரின் பேங்க் தரும் பண உத்தரவாதக் கடிதம்) ஆர்டர். ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) கொடுத்தால் பேங்க் ஏற்குமா? (கரூர்)

எல்.சி.யில் கப்பல் சரக்கு ரசீது (பில் ஆஃப் லேடிங்) கேட்டிருந்தால் ஏற்காது. எல்.சி.யைத் திருத்தச் சொல்லி பையரிடம் கேட்டு, திருத்தம் கைக்கு வந்த பிறகே சரக்கைக் கிளப்புங்கள். பிரித்து அனுப்புவதை எல்.சி. தடுக்காத வரை, எல்.சி.க்கான சர்வதேச விதிகளான யூ.சி.பி. 600 அனுமதிக்கிறது.

லாரி ஓடாத நாளில் தூத்துக்குடிக்கு ரயிலில் அனுப்பலாமா?

ஸ்டிரைக் என்றால் கேட்டுப் பார்க்கலாம். வெள்ளம் என்றால் நம்ப வேண்டாம். 2023 டிசம்பர் மழையில் ரோடும் தண்டவாளமும் சேர்ந்தே போயின. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு சிக்கி நின்றது. அந்த மாதிரி நேரத்தில் வண்டியை மாற்றிப் பயனில்லை, துறைமுகத்தையே மாற்ற வேண்டும். கோவை, திருப்பூர்காரர்களுக்குக் கொச்சியின் வல்லார்பாடம் கன்டெய்னர் துறைமுகம் இருக்கிறது. அங்கே கஸ்டம்ஸ் வேலையைப் பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜென்டை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.